முள் பாதியில் நிற்கிறது

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் மானத்தை வாங்கிவிட்டது. கிசேரியன் மேட்டில் மூன்றாம் கியரில் மிதித்தேன். டர்போ சீறியது, வண்டி பாய்ந்தது, சர்ச் வளைவு வந்ததும் இருமத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த மட்டாட்டு மினிபஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "மேடம், சத்தம் மட்டும் ரேஸு, ஓட்டம் கழுதை வண்டியா?" என்றான். நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன். மருந்துக் கடையில் மெல்லப் பேசுகிற முவெண்டேவா இவள் என்று தெரிந்தவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள்.

ஓடெரோவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். தோஹாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவன் பதிலெல்லாம் தந்திதான். நலம். வெயில். தூங்கப் போகிறேன். இன்று உடனே கூப்பிட்டான்!

"மிதிச்சப்ப பெட்ரோல் பிரஷர் ஏறுச்சா, எறங்குச்சா?"

இறங்கியது. எனக்குத்தான் மனசு ஏறியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

கிமோதோ அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். ரோங்காயில் ஓடெரோவும் இவரும் சேர்ந்துதான் பட்டறை வைத்திருந்தார்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"பங்க்காரன் மண்ணெண்ணெய் கலக்குறான், தங்கச்சி. வேற பங்க்கு மாத்து."

இந்த ஊரில் வண்டிக்கு எது வந்தாலும் முதல் குற்றவாளி பங்க்காரன். மாற்றினேன். அதே இருமல்.

எப்படியும் ஆகஸ்ட்டுக்குள் இது குணமாகியாக வேண்டும். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், பெரிய பெட்ரோல் பம்ப் என்று இந்த நீலச் சுபாருவை ஓடெரோ தன் கையாலேயே மாற்றி அமைத்தான். விமான நிலையத்தில் என்ன சொன்னான்? "ஆகஸ்ட்ல ஒப்பந்தம் முடியும். இந்த வண்டியிலதான் உன்னச் சியாயாவுக்கு, எங்கம்மாகிட்டக் கூட்டிட்டுப் போவேன்." அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் குடியிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

பெட்ரோல் ஃபில்டர் மாற்றினோம். பயனில்லை. மாலையில் ஓடெரோ கூப்பிட்டான். பம்ப்புக்கு வோல்டேஜ் சரியாக வருகிறதா பார்க்கச் சொன்னான். வைக்கும் முன், "சாப்ட்டியா?" என்றான். சுகுமா கீரையும் உகாலிக் களியும் என்றேன். "மீன் இல்லாம அதென்ன சாப்பாடு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஜூன் 14, சனி

இன்று இருமல் இல்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் அழைப்பும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. வோல்டேஜும் சரி. மேட்டில் மறுபடியும் பிரஷர் விழுகிறது. ஓடெரோ பதறிவிட்டான்.

"டர்போவ ஏத்தி ஓட்டாத. பெட்ரோல் பத்தாம காத்து மட்டும் உள்ள போனா பிஸ்டன் உருகிடும், கேட்டியா?"

பிஸ்டனைப் பற்றிப் பேசும்போது குரல் எப்படிக் குழைகிறது! நான் பிஸ்டனாகப் பிறந்திருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

பெட்ரோல் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் வரிசையில் நின்று டாங்க்கை நிரப்பிவிட்டேன். இங்கே யார் நிரப்புகிறார்கள்? கையிலிருக்கும் நோட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு ஊற்றி, சிவப்பு விளக்கோடே காலம் தள்ளுகிறவர்கள் நாங்கள். முள் உச்சியில் நிற்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

வண்டி பறந்தது! கிசேரியன் மேடு எங்கே போனது என்றே தெரியவில்லை. "பாத்தியா, நல்ல பங்க்கு" என்று கிமோதோ அண்ணன் காலரைத் தூக்கிக்கொண்டார். எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை? இனி எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவது?

ஜூலை 2, புதன்

சமதரையில், கடைக்குப் போகும் வழியில், வண்டி சுத்தமாக நின்றுவிட்டது. முள் பாதியில் நிற்கிறது. பாதி டாங்க் பெட்ரோல்! அதே நல்ல பங்க் பெட்ரோல்! கிமோதோ அண்ணன் வந்து வெறுப்பில் ஒரு கேன் ஊற்றினார். உடனே கிளம்பிவிட்டது.

பாதி இருக்கும்போது பம்ப் ஏன் காய்ந்தது? நாள் முழுக்க மண்டைக்குள் அதுதான். கடைக்கு எதிரே தண்ணீர் விற்கிறவர் கழுதையை நிறுத்தியிருந்தார். முதுகின் இருபுறமும் கேன்கள். அப்போதுதான் உறைத்தது. எங்கள் டாங்க்கும் அப்படித்தானே? பின் சக்கரத்துக்குப் போகும் தண்டுக்காக நடுவில் மேடு, இரண்டு பக்கமும் குழி. பம்ப் இருப்பது வலக்குழியில் மட்டும். இடக்குழியில் இருப்பதை ஒரு சின்னக் குழாய் இழுத்துத் தரவேண்டும்.

மாலையில் பின்சீட்டைத் தூக்கிப் பம்ப்பை வெளியே எடுத்தோம். அந்தக் குழாய் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பம்ப் வைத்தபோது ஓடெரோ மாட்ட மறந்திருக்கிறான். வலக்குழி காய்ந்துவிட்டது, இடக்குழி நிறைந்து கிடக்கிறது. முள் இரண்டையும் கூட்டிப் பாதி என்கிறது. நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதெல்லாம் வலக்குழியோடு நின்றுவிட்டதால், இத்தனை நாள் இது யாருக்கும் தெரியவில்லை. மேட்டில் அந்தக் கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்ததுதான் அந்த இருமல்.

கிமோதோ அண்ணன் குழாயைக் கையில் எடுத்தார். "இப்ப வேணாம்ணே" என்றேன்.

"ஏன்?"

கை துடைக்கத் துணியை நீட்டினேன். அவர் என்னையே பார்த்தார். "வியாதி வண்டிக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டுப் பம்ப்பை அப்படியே திரும்ப வைத்தார்.

ஜூலை 5, சனி

"இன்னும் இருமுதா?"

"இருமுது."

இன்று நெடுநேரம் பேசினான். நான் சொன்னது பொய்தான். இருக்கட்டும்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். குழாய், குழி, எல்லாம். சிரிப்பான், தலையில் அடித்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

"அப்ப... வண்டி சரியாயிடுச்சா?"

"மாட்டினா சரியாயிடும்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"முவெண்டே, நான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

எப்போது? மே மாதமாம். வண்டி இருமத் தொடங்கும் முன்பே!

"ஒவ்வொரு தடவையும் இதச் சொல்லணும்னுதான் கூப்புடுவேன். நீ பிரஷரப் பத்தி ஆரம்பிப்ப. நல்லதாப் போச்சுன்னு நானும் அதையே பேசுவேன்."

அவ்வளவுதானா? அந்த மாலையெல்லாம் அவ்வளவுதானா? பாவி, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா— சொல்லியிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்? அழுதிருப்பேன். இப்ப அழற மாதிரிதான்.

ஜூலை 10, வியாழன்

கடைக்குப் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

குழாயை மாட்டியாயிற்று. மேட்டில் முழுசாக மிதித்தேன். டர்போ ஏற ஏறப் பிரஷரும் கூடவே ஏறியது. டர்போவை மாட்டியபோது தாளில் கோடு போட்டு அவன் வரைந்து காட்டினானே, அப்படியே. ஓரமாக நிறுத்தி அவனைக் கூப்பிடப் போனை எடுத்தேன். பையில் வைத்துவிட்டேன். அவன்மேல் கோபம்தான். அதைவிட அதிகமாக அவன் வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி — சியாயா

யாரிடமும் சொல்லாமல் விடியலில் கிளம்பினேன். ஆகஸ்ட்டில் போவதாகத்தானே பேச்சு. பெண் தனியாக இப்படிப் போய் நிற்பது அவர்கள் வழக்கமில்லை என்று தெரியும். அழைத்துப்போக வேண்டியவன் வராவிட்டால் நான் என்ன செய்ய?

வண்டிச் சத்தம் கேட்டு அவன் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். அவர் போட்டோவில் மட்டும் பார்த்திருந்த நீல வண்டி. "ஓடெரோ!" என்று கூவிக்கொண்டு நேராக ஓட்டுநர் பக்கம் வந்து, என்னைப் பார்த்ததும் நின்றார். குனிந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். என் பை இருந்தது. பின்சீட்டையும் பார்த்தார்.

"நீதான் முவெண்டேவா?" என்று என் கன்னத்தைத் தொட்டார். "வா கண்ணு, மீன் அடுப்புல இருக்கு."

சாப்பிட்டு முடிக்கும்வரை அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னைக்கு வர்றானாம்? எங்கிட்ட ஆகஸ்ட்டுன்னான். கேட்டா வெயிலுங்கிறான், வேலைங்கிறான். உங்கிட்டயாவது சொன்னானா?"

இன்னும் ரெண்டு வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"வழியில வண்டி ஒரு எடத்துலகூட இருமல அம்மா" என்றேன். "கெரிச்சோ மேட்டுல எப்படி ஏறுச்சு தெரியுமா?"

டாங்க்கில் இரண்டு குழி இருப்பதையும், பம்ப் ஒரு பக்கம் மட்டும் இருப்பதையும் கையால் காட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.