வெள்ளிக்கிழமைச் சரம்

என்னை ஊர் சுற்றக் கூட்டிப்போன அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகு ஜொகூரில் வார விடுமுறை மாறிவிட்டது. முன்பு வெள்ளியும் சனியும், இப்போது சனியும் ஞாயிறும். ஜொகூர் பாரு பழைய டவுனில் நாம் வெள்ளிக்கிழமைக் காலையில் நடந்த நடையை நான் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "தனியா அங்க போயி என்னா பண்ணப்போற?" என்று கேட்டார். உங்கள் செருப்பை அவர் இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை. அதைப் பற்றி நான் அவரைக் கேட்பதில்லை.

நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. ஆனாலும் கடலோர மெர்சிங்கிலிருந்து வாழ வந்த நீங்கள்தான் எனக்கு இதைக் காட்டினீர்கள். அதுவரை எனக்கு ஊர் என்றால் வீடு, அலுவலகம், கார் நிறுத்த இடமுள்ள பேரங்காடி. "கார்லயே போனா ஊரு எப்படித் தெரியும்? எறங்கு லா" என்றீர்கள். விறகு அடுப்பில் வாழைப்பழக் கேக் வேகும் வாசனை வந்தால் ஒரு தெரு, காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தால் அடுத்த தெரு. அப்படித்தான் வழி சொல்வீர்கள்.

சந்தையில் உங்களோடு நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். "அண்ணே, இது கடல்லேர்ந்து வந்த மீனா, மியூசியத்துலேர்ந்து வந்த மீனா?" மீன்காரரும் விடமாட்டார். "மெர்சிங்காரவங்களுக்கு மீன் விக்கிறதும் ஒண்ணுதான், கடைய மூடிட்டுப் போறதும் ஒண்ணுதான்." கடைசியில் அந்த மீனையே வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

கடைகளின் முன்னால் கூரையோடு நீளும் அந்த நடைபாதையில் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வோர் உயரம். "படி, பாத்து" என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டே வருவீர்கள். கைபேசியைப் பார்த்தபடி நடக்கிறவள் நான். புற்றுநோய்ச் சிகிச்சையில் உங்கள் பாதம் மரத்துப்போன பிறகு அந்த வார்த்தை என் வாய்க்கு வந்துவிட்டது. இப்போது தனியாக நடக்கும்போதும் வந்துவிடுகிறது. போன வாரம் எதிரே வந்த சீனப் பெரியவர் நின்று திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்திருப்பார்?

அண்ணி, பூக்கடை சரசு அக்காவைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கோயில் பக்கத்தில் அவரிடம் ஒரு சரம் வாங்குவீர்கள். அங்கேயே அதைப் பாதியாக்கி, ஒன்று உங்கள் தலைக்கு, ஒன்று என் தலைக்கு. "கல்யாணமும் ஆகல, நாப்பதும் தாண்டியாச்சு, எனக்கெதுக்கு அண்ணி பூ?" என்பேன். "பூவுக்கு ஒன் வயசு தெரியுமா? திரும்பு" என்று கொண்டை ஊசியை அழுத்திக் குத்துவீர்கள்.

நீங்கள் போன பிறகு முதல் முறை நான் அங்கே போனபோது, "அக்காவ ரொம்ப நாளா காணோமே, மெர்சிங் போயிட்டாங்களா?" என்று அவரே கேட்டார். நான் தலையசைத்துவிட்டேன். ஏன் அண்ணி அப்படிச் செய்தேன்? வீட்டில், உறவில், என் அலுவலகத்தில்கூட நீங்கள் இறந்துவிட்டீர்கள். அந்த ஒரு கடையில் மட்டும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அந்த ஓரிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்பார். "இன்னும் வரலியா? அப்படி என்னாதான் இருக்கு அந்த மெர்சிங்ல?" நான் சிரித்து வைப்பேன். சரத்தை முழுதாக வாங்கிவந்து உங்கள் படத்துக்குப் போடுவேன்.

இன்று காலை அவர் ஒரு தட்டை நீட்டினார். வெற்றிலை, குங்குமம், மகளின் கல்யாணப் பத்திரிகை. "அக்காவ கையோட கூட்டியாங்க. மொத நலங்கு அவங்கதான் வைக்கணும்னு மக சொல்லிட்டா."

குங்குமத்துக்கு நீண்ட என் கை தானாகப் பின்வாங்கியது. வருஷம் திரும்பாத துக்க வீட்டிலிருந்து வந்தவள் கல்யாணத் தட்டை எப்படித் தொடுவது?

சரசு அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"எப்பம்மா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் வாழைநாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"அப்ப இத்தன வாரமா பூ வாங்கிட்டுப் போனீங்களே?"

"படத்துக்கு."

"தலைக்குக் கட்டுன சரத்தையா படத்துக்குப் போட்டீங்க? அக்கா கொண்டைல நிக்கணும்னு நெருக்கமா கட்டிக் குடுத்தேனேம்மா."

படத்துக்கென்றால் மாலை வேறு மாதிரி கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பூவை அள்ளினார். இரண்டு முடிச்சு போட்டதும் கை நின்றுவிட்டது. "என்னால முடியாது" என்றார். எப்போதும் தருகிற சரத்தையே எடுத்து, உங்களைப் போலவே பாதியாக்கினார். "இது அவங்களுக்கு. இது ஒங்களுக்கு." எனக்கெதுக்கு என்று நான் ஆரம்பிப்பதற்குள் மேசையைச் சுற்றி வந்து என் பின்னால் நின்றார். ஊசியை அழுத்தித்தான் குத்தினார்.

அழாமல் டவுன் முழுக்க நடந்தேன் என்று சொல்ல ஆசை. காப்பிக்கடை முனை வரைக்கும்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் தலையைப் பார்த்தார். "யாரு வெச்சுவிட்டா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். உங்கள் பாதி இப்போது படத்தில் இருக்கிறது. சின்னதாகத்தான் இருக்கிறது, இடது பக்கமாகச் சரிந்து, நீங்கள் வைப்பதைப் போலவே.

மீன்காரரும் உங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான் இன்னும் அவரிடம் எதுவும் சொல்லாமல் நழுவிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவேன், அண்ணி. சொல்லிவிட்டு, குரல் வந்தால், அந்த மீன் எந்த மியூசியத்திலிருந்து வந்தது என்றும் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

பாதிச் சரத்தோடு,
உங்கள் நாத்தனார் கவிதா