படத்தில் இறந்துபோன ஹிதாயாவின் ஆட்சேபனை

அனுப்புநர்:
திருமதி ஹிதாயா பாறூக்,
பள்ளிவாசல் ஒழுங்கை,
அலுவிகாரை,
மாத்தளை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பாடசாலைத் திரையிடல் அனுமதிப் பிரிவு,
மாத்தளை.

விடயம்: "பாறூக் மாஸ்டர்" என்னும் வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படத்தில் நானும் என் பிள்ளையும் இறந்துவிட்டதாகக் காட்டியிருப்பதும், அப்படத்தை மாவட்டப் பாடசாலைகளில் திரையிடத் தாங்கள் அனுமதி வழங்கியிருப்பதும் தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி படத்தின் நாயகரான காலஞ்சென்ற பாறூக் மாஸ்டரின் மூத்த மனைவி நான். படத்தில் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோகிறேன். எனக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. சீனி வருத்தம் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. மற்றபடி நல்ல உயிரோடு இருந்து இம்மனுவை என் கையாலேயே எழுதிச் சமர்ப்பிக்கிறேன். கையாலேயே என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும்.

2. என் கணவர் யட்டவத்தையில் பெண் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தவர். அந்த வகுப்புத்தான் பிறகு பாடசாலையானது. அதில் படித்த பிள்ளைகள் இன்று ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் இருக்கிறார்கள். அவரைப் பற்றிப் படம் எடுத்ததில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எடுக்க வேண்டிய மனிதர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கள் காரியாலயத்தில் என்னைப் பொறாமைக்காரி என்று ஒருவர் நினைத்ததை அவர் முகத்திலேயே பார்த்தேன்.

3. இனிப் படத்தில் வருவது. நான் எழுத வாசிக்கத் தெரியாத பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டில் இரண்டு போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றில் காய்ச்சல் மருந்து, மற்றதில் கைகால் உளைவுக்குப் பூசும் எண்ணெய். லேபிளை வாசிக்கத் தெரியாத நான் எண்ணெயைக் குடித்துவிடுகிறேன். வயிற்றுப் பிள்ளை செத்துப் பிறக்கிறது, நானும் சாகிறேன். மாஸ்டர் ஓடி வந்து, அந்தப் போத்தலைக் கையில் எடுத்து, லேபிளைச் சத்தமாக வாசித்து அழுகிறார். பிறகு பிள்ளையின் சிறிய மையித்தைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் அழுகிறார். மறுநாள் காலையில் யட்டவத்தைக்குப் போய், இனி எந்தப் பெண்ணும் இப்படிச் சாகக்கூடாது என்று வகுப்புத் தொடங்குகிறார். பின்னணியில் இசை. தியேட்டரில் எனக்குப் பக்கத்து இருக்கையிலிருந்த பெண் மூக்கைச் சிந்தினாள். நானும் அழுதேன், ஆனால் ஆத்திரத்தில்.

4. உண்மை இதுதான். நான் க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடைந்தவள். தமிழும் சிங்களமும் நன்றாக எழுதுவேன், ஆங்கிலம் வாசித்து விளங்கிக்கொள்வேன். எந்தப் போத்தலையும் லேபிள் பார்க்காமல் திறந்ததில்லை. வயிற்றிலிருந்த பிள்ளை சுகமாகப் பிறந்தாள். அவள் பெயர் மபாஸா. இன்று நாற்பத்தைந்து வயது, பல்லேபொலயில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

5. வகுப்பு எப்படித் தொடங்கியது என்பதையும் எழுதி வைக்கிறேன், இனி வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஆண் ஒருவர் நடத்தும் மாலை வகுப்புக்குக் குமர்ப் பிள்ளைகளை அனுப்ப அந்தக் காலத்தில் எந்த வீடும் தயாரில்லை. என் கணவர் முன்வாசலால் போய் ஆண்களோடு வாதாடினார். பள்ளிவாசலில் நின்று பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே பேசினார். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. நான் பின்வாசலால் போய்க் குசினியில் உட்கார்ந்து தாய்மாரோடு பேசினேன். தேங்காய் துருவிக்கொண்டும் மிளகு புடைத்துக்கொண்டும் பேசிப் பேசித்தான் ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வந்தது. முதல் வருடம் அவர்களுக்கு முன்னால் நின்று பாடம் சொன்னவள் நான். முதல் பிள்ளையாக வந்த முனவ்வரா இப்போதும் யட்டவத்தையில் இருக்கிறார். படம் எடுத்தவர்கள் அவர் வீட்டைக் கடந்துபோய்த்தான் வகுப்புக் காட்சியைப் பிடித்தார்கள். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று தாங்கள் நினைக்கக்கூடும். அதற்கும் இடமில்லை. என் கணவர் காலமானபோது நான் இத்தா இருந்தேன். கணவர் இறந்தால் மனைவி குறித்த காலம் வீட்டோடு இருந்து, அந்நிய ஆண்களைக் காணாமல் இருப்பது எங்கள் மார்க்கக் கடமை என்பது தாங்கள் அறிந்ததே. மபாஸாவுக்கு நாலு வயதாக இருக்கும்போதே அவர் றுக்ஸானா என்பவரை இரண்டாந்தாரமாக முடித்து மாத்தளை டவுனில் குடியேறிவிட்டார். ஆனாலும் என்னைத் தலாக் சொல்லவில்லை. ஆகவே மனைவி என்ற முறையில் வெள்ளை உடுத்து, அறைக்குள் இருந்து, அவருக்காக ஓதினேன். அலுவிகாரைப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில்தான் இயக்குநர் அன்ஸாப் கொழும்பிலிருந்து கதை கேட்க வந்தார். கணவரின் தம்பி ஜிப்ரி அவரை விறாந்தையில் உட்கார வைத்து, "மதினி இத்தாவில இருக்காங்க, அவங்கக்கிட்ட ஒன்னும் கேக்க ஏலாது. எல்லாத்தையும் நான் சொல்றேன்" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து என் காதால் கேட்டேன். நம்ம வீட்டு மனிதர், நாலு நல்ல விஷயம் சொல்லுவார் என்று பேசாமல் இருந்தேன்.

7. ஆக, நான் உயிரோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விறாந்தையில் வைத்து என்னை மௌத்தாக்கினார்கள். அவருக்காக நான் வாய் மூடியிருந்த மாதங்களைப் பார்த்துத்தான் இந்த வேலையைச் செய்தார்கள். செத்தவள் இத்தா இருப்பதில்லை, ஐயா. இதைச் சொல்ல ஒரு மௌலவி தேவையில்லை.

8. ஏன் செய்தார்கள் என்பதை ஜிப்ரியே பிறகு வாயால் சொன்னார். பாடசாலைப் பிள்ளைகள் பார்க்கிற படத்தில் மாஸ்டருக்கு ஒரே காலத்தில் இரண்டு மனைவி என்று வந்தால் சரியாக இராதாம். மூத்தவள் போய்ச் சேர்ந்துவிட்டால் இரண்டாவது கலியாணம் சுத்தமாகிவிடுமாம். சட்டப்படியும் மார்க்கப்படியும் அவர் செய்த காரியத்துக்கு அவருடைய தம்பியே வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மறைக்க என்னைப் புதைத்தார். றுக்ஸானா மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. அவரையும் ஒருவரும் கேட்கவில்லை.

9. இயக்குநரோடு தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "உம்மா, இது ஆவணப்படம் இல்ல. ஒரு மனுசன்ட வாழ்க்கையில உள்ள உணர்வுதான் உண்மையா இருக்கணும், சம்பவம் அப்படியே இருக்கணும்னு இல்ல" என்றார். அதே மனிதர் பத்திரிகைப் பேட்டியில், அந்தக் காலத்து மருந்துப் போத்தலைத் தேடிப் பழைய சாமான் கடைகளெல்லாம் அலைந்ததாகப் பெருமையடித்திருந்தார். மாஸ்டரின் சேர்ட் கொலரைக்கூட புகைப்படம் பார்த்துத் தைத்தார்களாம். போத்தல் சரியாக இருந்தது என்று நானும் சாட்சி சொல்கிறேன். கொலரும் சரி. குடித்தவள்தான் பிழை. போத்தலுக்கு அலைந்த மனிதருக்கு அலுவிகாரைக்கு இன்னொரு தரம் பஸ் ஏற நேரமில்லை.

10. நான் படம் பார்க்கத் தெரியாதவள் அல்ல. மழை பெய்யாத நாளில் மழையைக் காட்டட்டும். என் கணவர் நல்ல கறுப்பு, சிவந்த நடிகரைப் போட்டிருக்கிறார்கள். அவருக்கே அது பிடித்திருக்கும். பேசாத வசனத்தைப் பேச வைக்கட்டும். கதை சொல்பவருக்கு அவ்வளவு உரிமை உண்டு. ஆனால் உண்மையான ஆளின் உண்மையான பெயரைப் போட்டு, உண்மையான ஊரைக் காட்டி, "இது நடந்த கதை" என்று முதலிலேயே எழுதிவிட்டு, உயிரோடிருப்பவளைக் கொல்வதற்கு என்ன பெயர்? நான் என் வீட்டில் அப்படிப் பேசினால் அதைப் பொய் என்பார்கள். திரையில் பேசினால் விருது கொடுக்கிறார்கள்.

11. விளைவுகளையும் அறியத் தருகிறேன். பல்லேபொலயில் ஒரு கலியாண வீட்டில், அறிமுகமில்லாத பெண் ஒருவர் என் கையைப் பிடித்து, "நீங்க மாஸ்டர்ட மௌத்தான மூத்த சம்சாரத்துக்குத் தங்கச்சியா? அதே சாயல் இருக்கு" என்று கேட்டார். நான்தான் அவள் என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சோறு சாப்பிடப் போய்விட்டார். என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள்கூட இப்போது நான் கைநாட்டுக்காரி என்று நம்புகிறார்கள். அவர்களுடைய உம்மாமார் சொன்னாலும் எடுபடுவதில்லை. படத்தில் வந்துவிட்டதே.

12. இந்நிலையில் மாஸ்டரின் ஞாபகார்த்த தினத்தன்று மாவட்டப் பாடசாலைகளில் இப்படத்தைத் திரையிடவும், அதன் பின் "எழுத்தறியாத தாயின் மரணம் தரும் பாடம்" என்ற தலைப்பில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தவும் தங்கள் பிரிவு ஏற்பாடு செய்திருப்பதாக அறிகிறேன். இதை ஆட்சேபித்து நேரில் வந்தபோது தங்கள் உத்தியோகத்தர், "படந்தானே உம்மா, பெரிசா எடுக்காதீங்க. உங்கள நல்லவங்களாத்தானே காட்டியிருக்காங்க" என்றார். நல்ல மையித்தாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் கட்டுரை எழுதப்போகிற பிள்ளைக்கு அது படமல்ல, பாடம். அதற்குப் புள்ளி போடப்போவது தாங்கள். என் மரணத்தைச் சரியாக எழுதாத பிள்ளைக்குப் புள்ளி குறைப்பீர்களா என்பதை எனக்கு எழுத்தில் அறியத் தரவும்.

13. இதோடு நிறுத்திவிடத்தான் இருந்தேன். ஆனால் இம்மனுவில் ஒப்பமிட என் மகள் மபாஸா மறுத்துவிட்டாள். அதற்கான காரணத்தையும் சொல்லாவிட்டால் நானும் பாதி உண்மை சொன்னவளாகிவிடுவேன்.

அவள் அந்தப் படத்தை என்னோடு ஒரு தடவை பார்த்தாள். பிறகு எனக்குத் தெரியாமல் தனியாகப் போயும் பார்த்திருக்கிறாள். உன்னைச் சாகடித்த படத்தை ஏன் மகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "அதுல வாப்பா என்னத் தூக்கி வச்சிக்கிட்டு அழுறாரு உம்மா. அதப் பாக்கத்தான் போனேன்" என்றாள். மனு எழுதப்போகிறேன் என்றதும், "அந்த ஒன்ன மட்டும் விட்டுடுங்க உம்மா. அது இருந்துட்டுப் போகட்டும்" என்று கெஞ்சினாள்.

அவளுடைய வாப்பா அவளைத் தூக்கி நான் பார்த்தது மிகக் குறைவு, ஐயா. பெருநாளைக்கு வருவார், உடுப்பு கொண்டு வருவார், தலையில் கை வைத்து, "எத்தனையாம் வகுப்பு மகள்?" என்று கேட்பார். அவள் பரீட்சையெல்லாம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த வருடமும் அதையேதான் கேட்டார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய வகுப்பும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கெட்டவர் அல்ல. நல்ல மாஸ்டர், பொறுப்பில்லாத தகப்பன். இரண்டும் ஒரே ஆளில் இருந்தது. அதைக் காட்டத் துணிவில்லாத ஆட்கள் எதற்கு ஒருவருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்க வருகிறார்கள்?

என்னைக் கைநாட்டுக்காரியாக்கியதை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை, பிறக்காமலே செத்திருந்தால் வாப்பா அழுதிருப்பாரே என்று ஏங்க வைத்துவிட்டார்கள். அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

14. ஆகவே தாங்கள் வழங்கிய அனுமதியை இரத்துச் செய்து, மேற்படி மரணக் காட்சியை நீக்கும்வரை எந்தப் பாடசாலையிலும் இப்படம் திரையிடப்படாமல் தடுக்குமாறும், கட்டுரைப் போட்டியை நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் மகள் வேண்டாம் என்று சொல்லியும், அவளுக்குக் கிடைத்த அந்த ஒன்றைப் பிடுங்கச் சொல்லித்தான் தங்களிடம் கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். என்னைப் படத்திலிருந்து முழுதாக நீக்கினாலும் பரவாயில்லை. மபாஸா பிறந்தாள், வளர்ந்தாள், இருக்கிறாள் என்று அதில் வர வேண்டும். தகப்பன் அழவில்லை என்றால் அழாமலே காட்டட்டும்.

இடம்: அலுவிகாரை
திகதி: 2025.10.06

இங்ஙனம்,
உயிரோடிருக்கும்,
(ஒப்பம்) ஹிதாயா பாறூக்

பிரதிகள்: இயக்குநர் அன்ஸாப், கொழும்பு; ஜனாப் ஜிப்ரி, மாத்தளை.