சுவரோரம் அலறிய இயந்திரம்

"சாரே, இது யாருக்குப் பயந்து இப்பிடி அலறுது? அதை மட்டும் சொல்லும்."

பள்ளியில் பௌதிகம் நடத்திய காலத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். உன் கேள்வியைப் போல ஒன்று வந்ததில்லை. கேட்டபோது உன் வலது கையில் சுத்தியல் இருந்தது. பதில் பிடிக்காவிட்டால் அது இயந்திரத்தின் மேல் விழுமா, என் மேல் விழுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை நெய்யாற்றின்கரைக் கருவூல அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நான் விரல் வைக்கும் நேரத்தில் அங்கிருந்த கணினி கீச்சிட்டு அலறத் தொடங்கியது. தூசி கருகும் வாசனை வந்தது. "சவம், தொடங்கிட்டு" என்று சொல்லி அங்கே வேலை செய்யும் பெண் அதன் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். என் நாக்கு தானாகவே மேல்வரிசையின் இடப்பக்கம் போயிற்று. அங்கே ஒரு பல் இல்லை. அது நீ எடுத்தது.

உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஊர் வாசகசாலைக்காரர்கள் இரண்டு மாதமாகக் கேட்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அந்தப் பெண்ணின் அடி தொடக்கி வைத்தது.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீயும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் ஆசிரியனானேன். நீ கல்யாண வீடியோ எடுப்பவனானாய். பாறசாலைக்கும் குளத்தூருக்கும் இடையில் நீ கை வைக்காத கல்யாணம் குறைவு. இரண்டு அர்த்தத்திலும்தான். மணமேடைக்கு முன்னால் வந்து நின்ற பெண்வீட்டு மாமனின் குடையைப் பிடுங்கி அவர் முதுகிலேயே முறித்தாய். பொழியூரில் ஒரு குடிகாரன் கேமராவைத் தொட்டதற்கு அவனைச் சட்டையோடு பிடித்துக் கடலில் முக்கினாய். வள்ளக்காரர்கள் சேர்ந்து உன்னை அடித்தார்கள். இரண்டு விலா எலும்பு போயிற்று, கேமராவில் ஒரு கீறல் இல்லை. நீ ஸ்டேஷனுக்குப் போனால் அங்குள்ள ஏட்டு எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போடுவார் என்று சொல்லிச் சிரிப்பாய்.

அதே கைதான் தாலி கட்டும் காட்சியையும் கெட்டிமேளத்தையும் ஒரு இமைப்பொழுது பிசகாமல் சேர்ப்பதற்கு நாள் முழுக்கப் பொறுமையாக வேலை செய்யும்.

அந்த வேலைக்காகத்தான் பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையிலிருந்து அந்தப் பழைய சர்வர் கணினியைத் தூக்கி வந்தாய். ஏதோ பெரிய அலுவலகம் கழித்துப் போட்டது. முன்பு ஒரு கல்யாணத்தை முடிக்க ஒரு பகல் எடுத்த வேலையை அது சாயா ஆறுவதற்குள் முடித்தது. ஆனால் சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும் வரை அலறியது. மரம் அறுக்கும் மில்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது போல.

அந்த வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். உன் அப்பா கட்டிய வீடு. பாகம் பிரித்தபோது நடு அறையில் செங்கல் சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் உன் தம்பி. அவன் ரப்பர் பால்வெட்டுக்காரன். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, அதை உறைய வைத்து ஷீட் அடித்து, மத்தியானம் வந்து உறங்குகிறவன். நீ வேலை செய்யும் பகல்தான் அவனுக்கு இரவு. பாகம் பிரித்த நாளிலிருந்து நீங்கள் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரில் இடித்துச் சொல்வீர்கள்.

முதல் நாள் அவன் உலக்கையால் இடித்தான். நீ சுத்தியலால் திருப்பி இடித்தாய். காரை உதிர்ந்தது. மூன்றாம் நாள் உன் கூரையில் கல் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் உடைந்து ஒரு துண்டு உன் தோளைக் கிழித்தது. நீ பின்பக்கமாக ஏறிக் குதித்து, அவன் உறைய வைத்திருந்த பாலையெல்லாம் மண்ணில் கவிழ்த்தாய். அவன் ஷீட் அடிக்கும் மெஷினின் கைப்பிடியைக் கழற்றி உன்னை அடித்தான். நீ அவன் காதைக் கடித்தாய். அறுபதை நெருங்கிய இரண்டு பேர் ரத்தமும் ரப்பர் பாலுமாக மண்ணில் உருண்டீர்கள். தம்பி மனைவி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து இரண்டு தலையிலும் ஊற்றினாள்.

"ரெண்டு பேரும் செத்துத் தொலையுங்க. ஒரே குழியில போட்டு மூடுதேன். அங்கயும் நடுவுல சுவரு வைக்கணுமாடே?"

அவள்தான் எட்டாம் நாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சாரே, அவரு ஒறங்கி எட்டு நாளாச்சு. இன்னைக்கு வெட்டுல கத்தி வழுதி உள்ளங்கையில பாஞ்சுட்டு. துணி சுத்திக்கிட்டு வந்து இருந்து கத்தியத் தீட்டுதாரு. மரத்துக்கு அவ்வளவு கூர்மை வேண்டாம், கேட்டியளா? எனக்குப் பயமாட்டு இருக்கு."

அன்றுதான் நான் உன் அறைக்கு வந்தேன், நீ சுத்தியலோடு கேட்டாய். நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். என் பதில் உனக்கு நினைவிருக்கும். இப்போது வாசிக்கிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

அந்த மதர்போர்டில் விசிறிகளை ஆளுவதற்கென்று ஒரு சின்னத் தகடு தனியாக இருந்திருக்கிறது. ஆக்கர் கடைக்கு வருமுன்பே யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். நீ வேறொரு கம்பெனித் தகட்டை வாங்கி மாட்டியிருந்தாய். தகட்டில் குறை இல்லை. ஆனால் மதர்போர்டுக்கு அதைத் தெரியாது. ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மாணவன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பதிவேட்டில் பெயர் இல்லை. ஆசிரியர் பேர் வாசிக்கும்போது அவன் எப்படி 'ஆஜர்' சொல்வான்? மதர்போர்டின் பதிவேடு, சிப் என்று சொல்லும் ஒரு எட்டுக்கால் சில்லுக்குள் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் மதர்போர்டு முதலில் வாசிக்கும் பாடம் அதுதான். ஃபர்ம்வேர் என்பார்கள். அதில் உன் தகட்டின் பெயர் இல்லை. விசிறிகளை ஆள யாரும் வரவில்லை, வெந்து சாகப் போகிறோம் என்று அது நினைத்துக்கொள்கிறது. அப்படி நினைத்தால் எல்லா விசிறியையும் முழு வேகத்தில் ஓட்டு என்பது அதற்கு எழுதிவைத்த கட்டளை.

"அப்போ சாவப் பயந்தாக்கும் கத்துது" என்றாய். சுத்தியலைக் கீழே வைத்தாய். "அந்த ரெஜிஸ்டர்ல இவனுக்க பேரையும் எழுதிப் போடும்."

எழுதலாம் என்றேன். சில்லைக் கவ்வியால் பிடித்து, உள்ளே இருப்பதை என் மடிக்கணினிக்கு வாசித்து எடுக்க வேண்டும். பட்டியலில் பெயரைச் சேர்த்து, பிழை பார்ப்பதற்கென்று கடைசியில் உள்ள கூட்டுத்தொகையையும் திருத்தித் திரும்ப எழுத வேண்டும். கூட்டுத்தொகை தவறினால் மதர்போர்டு அந்தப் பாடத்தை ஏற்காது. நான்கு நாள் இணையத்தில் வாசித்து, எழுதிவைத்துப் படித்தேன். உன்னிடம் ஒரே ஒரு விதி சொன்னேன். மாற்றுவதற்கு முன் இரண்டு முறை வாசித்து எடுக்க வேண்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் கவ்வி சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண்ணை இரண்டு முறை கூட்டிப் பார்ப்பேனே, அது போல.

"நீரு அதெல்லாம் சரியாட்டு செய்வீரு. பொறுமைக்காரன் அல்லவா" என்றாய்.

அந்தப் பொறுமை எவ்வளவு தாங்கும் என்று மறுநாள் மத்தியானம் தெரிந்தது. நீ காலையெல்லாம் அதை அலறவிட்டு வேலையை முடித்து, அணைத்து, என்னிடம் விட்டாய். நான் கவ்வியை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு உடைந்து உள்ளே விழுந்தது. தம்பி நின்றான். இடது கையில் ரத்தம் ஊறிய துணி, வலது கையில் பால்வெட்டுக் கத்தி. கண்கள் இரண்டும் பழுத்த மிளகாய்.

"எலே, தள்ளி நில்லு. இன்னைக்கு இதை வெட்டிப் பொளந்திட்டுத்தான் போவேன். நடுவுல வந்தா உன்னையும்."

"வெட்டுலே பாப்போம்! அப்பனுக்குப் பொறந்தவன்னா வெட்டு!"

"ரெண்டு பேருக்கும் ஒரே அப்பனாக்கும், கோட்டிக்காரா!"

நீ முக்காலியைத் தூக்கி எறிந்தாய். அவன் வீசிய கத்தி உன் சட்டையைத் திறந்து நெஞ்சில் ஒரு சிவந்த கோடு போட்டது. நான் நடுவில் விழுந்து கத்தினேன். பத்து நிமிடம் தா, இனி சத்தம் வராமல் செய்கிறேன் என்று. அவன் சுவரோரம் நின்றான்.

"பத்து நிமிசம். அதுக்கப்புறம் சத்தம் வந்தா அண்ணனுக்க தலை இங்கன கிடக்கும். சாரு பாத்துக்கிடும்."

கவ்வியை அவசரமாக அழுத்தி மாட்டினேன். ஒரு முறைதான் வாசித்தேன். இரண்டாவது முறை வாசிக்க நேரம் இருந்தது. வாசிக்கவில்லை. பெயரைச் சேர்த்தேன், கூட்டுத்தொகையைத் திருத்தினேன், திரும்ப எழுதினேன். கவ்வி ஒரு மயிரிழை விலகியிருந்திருக்கிறது. அது தந்த நகலே பிழை. பிழைமேல் கவனமாகக் கூட்டிய கூட்டல்.

சுவிட்சைப் போட்டாய். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு இல்லை. விசிறி அசையவில்லை. செத்த மீன் மாதிரி கிடந்தது.

தம்பியின் முகம் தெளிந்தது. "ஆங், இப்போ நல்லாயிருக்கு" என்றான்.

உனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி என் முகத்தில் அடித்தாய். நான் மேசையோடு சரிந்தேன். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையைத் தம்பி பின்னாலிருந்து பிடித்து முறுக்கி, உன்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான்.

"மெசினைச் சரியாக்கித் தந்த மனுசனையா அடிக்கே? கிறுக்கு பிடிச்சா உனக்கு? சாரு மேல கை வச்சா ஒடிச்சுப் போடுவேன்!"

உன் முகம் சுவரில் நசுங்கியிருந்தது. என் வாய் நிறைய ரத்தம். உண்மையைச் சொல்ல இரண்டு பேருக்கும் வழியில்லை. அவன் உன்னை விட்டான். கத்தி கீழே விழுந்தது. அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்தான், கால்களை நீட்டினான், உறங்கிப் போனான். உன் வீட்டில், பாகம் பிரித்தபிறகு முதல்முறையாக.

நான் துப்பப் போனேன். நீ விரலை உதட்டில் வைத்தாய்.

"சாரே, மெதுவாத் துப்பும்."

நான்காம் நாள் ஒரு குலை பாளையங்கோட்டன் வாழைப்பழத்தோடு வந்தாய். மன்னிப்புக் கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். "மெல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டாய். பிறகு ஆக்கர் கடையில் அதே வகை மதர்போர்டு இன்னொன்றைத் தேடி எடுத்தோம். அதன் சில்லை இரண்டு முறை வாசித்தேன். ஒப்பிட்டுப் பார்த்தது நீ. "பிள்ளையளுக்கு ரெண்டு தடவை பாருன்னு சொன்ன வாத்தியாரு ஒரு தடவை பாத்தா, பல்லு போவும்" என்றாய். மாற்றாத நகலைப் பத்திரப்படுத்திவிட்டு, பெயர் சேர்த்ததை உன் மதர்போர்டில் எழுதினேன். சுவிட்சைப் போட்டதும் ஒருமுறை அலறியது. அந்தப் பக்கம் உலக்கை ஒரு இடி இடித்தது. பிறகு விசிறிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தகட்டின் பெயர் வாசிக்கப்பட்டது, அது ஆஜர் சொன்னது. சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் குறட்டை கேட்டது.

அதன்பிறகு நீங்கள் சமாதானமானீர்கள் என்று எழுதினால் நீ எழுந்துவந்து மறுபடி அடிப்பாய். பலாக்காய்க்கு அடித்துக்கொண்டீர்கள். கிணற்றுக் கயிற்றுக்கு அடித்துக்கொண்டீர்கள். கத்தி மட்டும் அப்புறம் வரவில்லை.

இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ உன் கேபிளை மிதித்தான். நீ ஓங்கினாய். ஓங்கிய கையோடு விழுந்தாய். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். விருந்துக்கு வந்திருந்த தம்பி ஓடிவந்து, மிதித்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தூணில் மோதினான். "எனக்க அண்ணனை என்னலே செய்த?" நான்கு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவன் வந்தான்.

"சாரே, ஒறக்கம் வரல்ல."

"இப்போதான் சத்தமே இல்லையே" என்றேன்.

"அதாக்கும் காரியம்." தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்தப் பழைய பாடத்தை ஏத்த முடியுமா? ஒரு தடவை அது கத்தட்டு."

மாற்றாத நகல் என்னிடம் இருந்தது. போனேன். எழுதினேன். சுவிட்சைப் போட்டேன். உன் அறை முழுக்க அலறல் நிறைந்தது. அவன் தன் பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் உலக்கை இடிக்கத் தொடங்கியது. "நிப்பாட்டுலே! கொன்னு போடுவேன்!" என்று சுவருக்கு அப்பாலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். இடித்தான். நிறுத்திக் காத்திருந்தான். மறுபடி இடித்தான். காத்திருந்தான்.

உன் சுத்தியல் மேசையடியில் கிடந்தது. எடுத்தேன். வாழ்நாளில் ஒரு மாணவனைக்கூட அடிக்காத கை. முழு பலத்தோடு சுவரில் அடித்தேன், மூன்று முறை. காரை உதிர்ந்து என் தலையில் விழுந்தது.

அந்தப் பக்கம் உலக்கை விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அழுகை.

சுவிட்சை அணைத்து, பெயர் உள்ள நகலைத் திரும்ப எழுதிவிட்டு வந்தேன். இரண்டு நகலும் என்னிடம் உண்டு. சுத்தியலும் உண்டு. அதை அவன் திருப்பிக் கேட்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்றைக்கு எதையாவது மாற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், இருப்பதை முதலில் இரண்டு முறை வாசித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.