போர்டு இல்லாமல் வரச் சொன்னாய்

உன் தங்கை கொடுத்த ரெக்ஸின் செஸ் விரிப்பை இன்று பிரித்தேன். மில் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. ஷிப்ட் முடிந்து கைகூடக் கழுவாமல் விரிப்பாய்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. இருவருமே ஆட்டத்துக்குப் புதுசு. ஒரே பழைய புத்தகத்தை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொண்டு ஓப்பனிங் மனப்பாடம் செய்தோம். முதல் எட்டு நகர்த்தல். அதற்கு மேல் இருட்டு.

புத்தகத்தில் இல்லாத இடத்தில் நீ காய் வைத்தால் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொள்ளும். தெரியாமல் வைத்தாயா, தெரிந்தேவா? உன் முகத்தைப் பார்ப்பேன். நீ வடையைப் பார்ப்பாய்.

ஒருநாள் உன் சிப்பாயை என் குதிரை எட்டும் கட்டத்தில் கொண்டுவந்து வைத்தாய்.

"எடுலே. சும்மாதான கெடக்கு."

"சும்மா குடுக்கிற ஆளா நீ?"

"ஏலே, உங்க ஆத்தா சோறு போட்டாலும் மோந்து பாத்துத்தான் திம்பியோ?"

டீக்கடைக்காரர் சிரித்தார். நான் எடுக்கவில்லை. தோற்றேன். எடுத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன் என்று நீயே வைத்துக் காட்டினாய். அதையும் நம்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் போட்டிக்கு இருவரும் பேர் கொடுத்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் கூப்பிட்டாய்.

"ஞாயித்துக்கிழம மம்சாபுரத்துக்கு வாலே. வீட்டுல சாப்பிடலாம். போர்டு வேண்டாம்."

போர்டு வேண்டாமா? ஆறு மாதத்தில் முதல்முறை. எந்த ஓப்பனிங் தயார் செய்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகக் கறக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

"சோழபுரத்துல ஒரு கல்யாணம்."

"எம்புட்டுக் கல்யாணம்லே உங்க சொந்தத்துல! சரி, பொறவு பாப்போம்."

அந்த ஞாயிறு முழுக்க அறைக்குள் இருந்து மனப்பாடம் செய்தேன். கல்யாணம் எதுவும் இல்லை.

போட்டியில் உன் பேரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். நீ இல்லை. இதிலும் ஏதோ தந்திரம் என்று வாசலையே பார்த்திருந்தேன். நீ மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இதயத்தில் ஆபரேஷன். இரண்டு நாள் கழித்து, நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது.

"அண்ணன் ஆபரேஷன் விஷயத்த உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்துச்சு, அண்ணே," என்றாள் உன் தங்கை, விரிப்பைக் கொடுத்தபோது. "நீங்க வரலன்னதும் யாருகிட்டயும் சொல்லல. எங்ககிட்டயே மதுரைக்குக் கெளம்புற அன்னைக்குத்தான் சொன்னுச்சு."

அவள் முகத்தையும் பார்த்தேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாளா? என்ன மனம் இது. அப்போதும்.

போன வாரம், என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சுந்தரபாண்டியத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். எதற்கு என்று பஸ் முழுக்க யோசித்தேன். போனேன். மீன் குழம்பு. பிள்ளைகள் டிவிக்குச் சண்டை போட்டார்கள். கை கழுவும்வரை காரணம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "அடுத்த வாரமும் வாங்க," என்றார்.

எதற்கு என்பது வாய்வரை வந்தது.

"வாரேன்," என்றேன்.