நாற்காலியும் கூடவே எழுந்தது

மார்ச் 3

கடை ஜன்னலில் கோடைத் துணிகளை மாட்டிவிட்டு, கால் கடுக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தம்பியின் போன்.

"அக்கா, அவளுக்கு எட்டாம் மாசம் பொறந்தாச்சு. இருபத்தொண்ணாம் தேதி எங்க வீட்ல சின்னதா ஒரு விருந்து. அலங்காரம் நீதான்."

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'உங்க அக்கா பண்ணினா ஒழுங்காத்தான் இருக்கும்'னா."

ஒழுங்கா! அந்த ஒரு வார்த்தையில் மூன்று வருஷக் கோபமும் இருக்கிறது. எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 5

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அவர்கள் கல்யாணத்துக்கு அவள் தன் கையாலேயே இருநூறு காகிதப் பறவைகள் மடித்து, மேடையில் தொங்கவிட்டிருந்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று சுவரைப் பார்த்துக்கொண்டு. பதினெட்டு வருஷமாகத் துணிக்கடை ஜன்னலை அலங்கரிக்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? அவள் உடை மாற்றப் போன நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திரைச்சீலை கட்டிவிட்டேன். வந்து பார்த்தாள். அன்றிலிருந்து "வாங்க", "சாப்பிடுங்க", அவ்வளவுதான். ஒரு தடவைகூட அண்ணி என்று கூப்பிட்டதில்லை.

பிறக்கப்போகும் குழந்தைக்கும் நான் "வாங்க, சாப்பிடுங்க" ஆளாகவே இருந்துவிட்டால்? அதை என்னால் தாங்க முடியாது. இந்த விருந்தில் எப்படியாவது அவள் மனம் குளிர வேண்டும்.

மார்ச் 10

அவள் உட்கார ஒரு சிம்மாசனம்! கடைக் கிடங்கில் கிடந்த பிரம்பு நாற்காலிக்கு வெள்ளை அடித்தேன். கைப்பிடி இரண்டிலும் கொத்துக் கொத்தாகத் துணிப்பூக்கள் வைத்துத் தைத்தேன். அளவு பார்க்க மகாராணியை உட்கார வைத்தேன். எங்கள் கடையில் உட்காரத் தெரிந்த ஒரே பொம்மை அவள்தான். வயிற்றில் தலையணைகூடக் கட்டினேன். நான் எதையும் கோட்டை விடுகிறவள் இல்லை.

தையல்காரர் எட்டிப் பார்த்து, "மகாராணிக்கு எத்தனாவது மாசம்?" என்றார்.

சிரிக்கட்டும். கச்சிதமாகப் பொருந்தியது.

மார்ச் 14

பரணில் அந்த அட்டைப்பெட்டி. அன்று கழற்றிய பறவைகள். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முகமில்லை. என்ன ஜென்மமோ நான்.

மார்ச் 20

பலூன் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கிறது. தம்பி வீட்டுக் கூடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டி முடித்தாயிற்று. பெட்டியையும் கொண்டுபோய் மேஜைக்கடியில், என் கத்தரிக்கோல், ஊசிப் பைக்குப் பின்னால் வைத்தேன். கொடுப்பேனா? தெரியவில்லை.

மார்ச் 21

விலா இன்னும் வலிக்கிறது. சிரித்துச் சிரித்துத்தான்.

முப்பது பேர் கைதட்ட, அவள் வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான். கேக் வெட்ட எழுந்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அட மூளை கெட்டவளே, பொம்மைக்கு வயிறு கட்டினியே, இடுப்பு கட்டினியா? அதுக்கு மேல பூ வேற!

பூக்களைக் கத்தரித்தால்தான் இடம் கிடைக்கும். மேஜைக்கடியில் பாய்ந்து கத்தரிக்கோலை இழுத்தேன். கூடவே பெட்டியும் சரிந்து, இருநூறு பறவைகளும் தரையில் கொட்டின.

நாற்காலியோடு குனிந்தபடியே அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தூக்கிப் போடலையா?"

"இல்லம்மா. தப்பு பண்ணிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"அன்னிக்கு அதுங்களக் கழட்டினீங்கல்ல? இப்ப என்னைக் கழட்டுங்க அண்ணி!"

அண்ணி! முப்பது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். நான் தைத்த பூக்களை நானே வெட்டித் தள்ள, தம்பி நாற்காலியை இழுக்க, ஒருவழியாக அவள் சோபாவில் போய்ச் சாய்ந்தாள். அங்கிருந்தே விரலை நீட்டி, எந்தப் பறவை எங்கே என்று சொன்னாள். நான் ஏணியில் நின்று கட்டினேன். கேக் வெட்ட ஒரு மணி நேரம் தாமதம். யாரும் கேட்கவில்லை.

மே 2

பெண் குழந்தை. வீட்டுக்கு வந்துவிட்டாள். மூக்கு தம்பி மூக்கு, பாவம்.

"அண்ணி, தொட்டிலுக்கு மேல நாலு பறவை கட்டுங்களேன். ஆனா நேராக் கட்டக் கூடாது" என்றாள்.

கோணலாகக் கட்டுவது இவ்வளவு கஷ்டமா? மூன்று முறை கட்டினேன். மூன்று முறையும் வரிசையாகவே வந்து நின்றது. நாலாவது முறைதான், "ம், இப்ப சரி" என்றாள்.

ஒன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.