ஓஸ் பைப் இல்லாத கம்பும் மேற்குப் பக்கத்து ஜன்னல்களும்

மார்ச் 4, செவ்வாய்

நாலு மாடி ஆபீஸ் வாசலில் இன்று ஒருவர் நாங்கள் ஜன்னல் கழுவும் ஓஸ் பைப் தடுக்கி விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் காபி. போனில் பேசிக்கொண்டே வந்தவர். ஆனால் அதைச் சொன்னால் எடுபடுமா? கட்டட மேலாளர் இறங்கி வந்தார். இனிமேல் நடைபாதையில் பைப் கிடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எங்களிடம் இருக்கும் பெரிய வேலையே இந்தக் கட்டடம்தான். நாலு பக்கமும் கண்ணாடி, முன்னால் தூசி ரோடு, வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை.

நான் தரையில் நின்று நீளக் கம்பைப் பிடித்து மேலே பிரஷ்ஷை ஓட்டுவேன். நாத்தனார் வேனிலிருந்து வரும் பைப்பை மூலைக்கு மூலை திருப்பிவிட்டு, போகிறவர் வருகிறவரை ஒதுக்கிவிடுவார். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

வேனில் திரும்பும்போது அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது பைப்பால் வந்தது இல்லை.

மார்ச் 6, வியாழன்

எழுதித்தான் வைப்போமே. இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "அக்காவுக்குச் சொல்லாதே, பயந்துடுவா" என்றார். நானும் மென்று விழுங்கிக்கொண்டு இருந்தேன். அடைப்பையெல்லாம் எடுத்து, ஆள் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "என் தம்பி சாகக் கிடந்திருக்கான், எனக்கு மூணாம் நாள் சொல்றே" என்றார். அவ்வளவுதான். சொல்ல வேண்டாம் என்றது உங்கள் தம்பிதான் என்று நான் சொல்லவில்லை. தம்பியும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். பைப்பை விடு, தண்ணியை நிறுத்து.

இப்போது புதுக் கம்பு ஒன்று வந்திருக்கிறதாம். தண்ணீர் கம்புக்குள்ளேயே ஏறும். வெளியே பைப் கிடையாது. பக்கத்தில் சக்கரம் வைத்த சின்னத் தொட்டி, அதில் பேட்டரி மோட்டார். தொட்டியிலிருந்து கம்பின் அடிக்கு ஒரு முழம் இணைப்பு, அவ்வளவே. வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, இதுக்கு ஒரு ஆள் போதுமே, அக்கா ஓய்வெடுக்கட்டும் என்றார். யார் அதை அவரிடம் சொல்வது என்று கேட்டேன். "நீதான்" என்றார்.

இவருடைய வாய்க்கு நான்தான் எப்போதும் வாடகை ஆள். இரண்டு கம்பு வாங்கப் போகிறேன், நாத்தனாருக்கும் ஒன்று.

மார்ச் 11, செவ்வாய்

முதல் நாள். கிழக்கும் தெற்கும் எனக்கு, மேற்கும் வடக்கும் நாத்தனாருக்கு. உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர், மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். நன்றாகத் தேய்த்து, மேலிருந்து அலசி விட்டுவிட்டால் போதும், துடைக்க வேண்டாம், தானே காயும். முன்பும் இதே தண்ணீர்தான். ஆனால் கம்பு ஒருநாளும் நாத்தனார் கைக்குப் போனதில்லை.

வாங்கிப் பார்த்தார். "இத்தனை வருஷம் பாம்பாட்டி மாதிரி திரிஞ்சேன். இப்ப பாம்பு செத்துப்போச்சு" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சொன்னது என்னிடம்தான்.

மார்ச் 12, புதன்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்தாற்போல. ஒருவரும் தடுக்கி விழவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மாலை மேலாளர் போன். மேற்குப் பக்கம் மேல்மாடி ஜன்னல்களில் மேல் மூலைகள் அழுக்கு, கீழே கோடு கோடாக வடிந்திருக்கிறதாம். போன வாரமே பார்த்தாராம், புதுசு என்று விட்டுவிட்டாராம்.

மீட்டரைப் பார்த்தேன், பூஜ்யம். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். கம்பின் பூட்டுகளைப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் — ஆனால் என் கிழக்குப் பக்கத்துக்கும் அதே தண்ணீர், அதே கம்புதானே?

மேற்கு நாத்தனாருடையது. சொல்லலாமா? இப்போதுதான் இரண்டு வார்த்தை பேசுகிறார்.

மார்ச் 19, புதன்

மார்க்கெட் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மேற்குப் பக்கத்தை மறுபடி கழுவினேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று மூலையில் நின்று கவனித்தேன். நாத்தனார் அக்கறையாகத்தான் செய்கிறார். என்னைவிடப் பொறுமை. ஆனால் பிரஷ் ஜன்னலின் மேல் விளிம்பைத் தொடவே இல்லை, ஒரு சாண் கீழேயே நின்றுவிடுகிறது. அடுத்த ஜன்னலில் பாதி நேரம் பக்கத்துச் சுவரைத் தேய்க்கிறார். மூன்றாம் மாடிக்கு மேல் அவர் குத்துமதிப்பாகத்தான் போகிறார் என்று தோன்றியது.

கிட்டப் போய் நின்றேன். வாய் வரை வந்தது. "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல அக்கா" என்று கேட்டுவிட்டு வந்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 26, புதன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அகப்பட்டேன்.

மேற்குப் பக்கத்தில் பாதி கழுவியிருப்பேன். திரும்பினால் நாத்தனார் நிற்கிறார். போன வாரமும் உங்க தம்பி சம்சாரம் வந்து கழுவினாங்களே என்று காவலாளி நேற்று அவரிடம் சொல்லியிருக்கிறார். மோட்டாரை நிறுத்தினேன்.

"எங்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வராதா?"

மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் என்று இழுத்தேன். அன்னைக்கும் இதையேதான் சொன்னே என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. இரண்டு வருடம் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"அன்னைக்குச் சொல்ல வேண்டாம்னது உங்க தம்பி. நான் இல்ல."

சொன்ன உடனே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. நாத்தனார் தொட்டியின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அது எனக்குத் தெரியாதா? அவனை வளர்த்தவ நான். அவன் சொல்லாதேன்னுதான் சொல்லுவான். நீ ஏன் அவன் பேச்சைக் கேட்டே?"

இரண்டு வருடமாக நான் யாருக்காகவோ பழி சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன் என் கையில்தானே இருந்தது? என் வாயை யார் தைத்தது? சொன்னால் அழுவார், அந்த அழுகையையும் நானே சமாளிக்க வேண்டும் — அதற்குப் பயந்தேன். அதுதான் உண்மை.

மார்ச் 27, வியாழன்

அக்காவிடம் நான் பேசட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

நாளை வருவாரா?

ஏப்ரல் 1, செவ்வாய்

வந்தார். எனக்கு முன்னாலேயே வேன் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டியைக் கிளப்புவதற்குள் சொல்லிவிட்டேன், பூசி மெழுகாமல். "அக்கா, மேல் மூலையெல்லாம் விட்டுப்போகுது. பாதி நேரம் பக்கத்துச் சுவரைக் கழுவுறீங்க. மேலாளர் போன் பண்ணிட்டார்."

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பிறகு, சுவராவது பளிச்சுன்னு இருக்கா என்று கேட்டார்.

மேற்குப் பக்கம் முழுக்க நான் பக்கத்தில் நின்று, இடது, இன்னும் மேலே, அங்கேயே, இப்ப அலசுங்க என்று கத்திக்கொண்டே இருந்தேன். என் பக்கம் முடிய மூன்று மணி ஆகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு வருடத்தில் பேசாததை எல்லாம் ஒரே நாளில் பேசிவிட்டேன் போல. நடுவில் ஒருமுறை, எப்போதிலிருந்து கண் இப்படி மங்கலாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் பிரஷ்ஷை இறக்காமலே, பார்க்கலாம் என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

பதினோரு மணிக்கு நாத்தனார் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அது தெரிந்தேதான் வந்திருக்கிறார். நேராகச் சமையலறைக்கு வந்து, பையிலிருந்து நான்கு தாளை எடுத்து மேடையில் வைத்தார். கண் ஆஸ்பத்திரித் தாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்குப் பத்தாம் தேதி ஆபரேஷன், இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு, நீயே நிரப்பு என்றார். நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். பிறந்த தேதி, சர்க்கரை இருக்கா, மாத்திரை ஏதாவது. கூட வருபவர் பெயர் என்ற இடத்தில் வழக்கம்போல வீட்டுக்காரர் பெயரை ஆரம்பித்தேன்.

"உன் பேரை எழுது. உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கேன். அவனுக்குச் சாயங்காலம் சொல்லிக்கலாம்."

அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு வேனோடு வரச் சொல்லியிருக்கிறார்.