வடகானல் மன்னர் எங்கள் வாசலில் நுழையும் முறை

ஏரி நிறைக, எல்லை நிலைக்க, வாசல் விழித்திருக்க. கொற்றமங்கலத்து வடவாசல் காவல் தலைவன் காரி வயிரமேகன், வடகானல் நாடுடைய விசயபூப மன்னருக்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டில் மழை பொழிக, உம் குடிகள் பசியறியாதிருக்க. குடிகளை மனதார வாழ்த்துகிறேன். உம்மை வாழ்த்துவது ஓலை எழுதுபவர் கேட்டுக்கொண்டதால்.

காய்ந்து கிடக்கும் உம் வயல்களுக்கு எங்கள் ஏரி நீர் கேட்டு உடன்படிக்கை செய்ய வருவதாகவும், அப்படியே புகழ்பெற்ற வடவாசலைக் கண்குளிரக் காண விரும்புவதாகவும், பெருங்கதவம் திறந்து யானைமேல் வரவேற்க வேண்டுமெனவும் எழுதியிருந்தீர். ஏரி நீரைத் தர எங்கள் அரசர் இசைந்துவிட்டார். ஆனால் யார் எப்படி நுழைவது என்பது காவல் குடியின் உரிமை. அதில் அரசரும் தலையிடுவதில்லை.

அந்த வாசலின் கதையை உம் அரண்மனையில் எப்படித் திரித்துச் சொல்கிறார்களோ, நானறியேன். நடந்தது இது. மணப்பல்லக்கை வாசலில் நிறுத்திச் சோதிப்பது எங்கள் ஊரில் ஆகாத செயல். பெண்ணுக்குத் தீங்கு வருமென்பார்கள். அதைத் தெரிந்துகொண்ட உம் தந்தை மகுடபூபர், எங்கள் இளவரசருக்குப் பெண் தருவதாகச் சொல்லி, மேளதாளத்தோடு பல்லக்குகளை அனுப்பினார். காவலில் நின்ற என் தம்பி சேந்தன் பெருங்கதவைத் திறந்து பூத்தூவினான். திரைக்குள்ளிருந்து வாள்வீரர்கள் குதித்தார்கள். பூத்தட்டை ஏந்திய கையோடு விழுந்தான் அவன். வாசலுக்குத் தீ வைத்த உம் தந்தை, ‘கொற்றமங்கலம் கொண்ட மகுடபூபன்’ என்று வெட்டிய வெற்றிக்கல்லை அங்கேயே நட்டார். மறு அறுவடைக்குள் நாங்கள் விரட்டியபோது, கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட அவருக்கு நேரமில்லை.

இன்று வந்தால் நீர் காணக்கூடியது யாதெனில், கருகிய வேங்கைமரக் கதவு. சேந்தன் விழுந்த இடத்தில் அணையாத விளக்கு. உம் தந்தையை விரட்டிய அன்று பெருங்கதவை அடைத்த நான் இன்னும் திறக்கவில்லை. அந்தக் கதவிலேயே வெட்டிய திட்டிவாசல் என்னும் சிறு கதவு வழியாகத்தான், ஒருவர் பின் ஒருவராக, குனிந்து போகிறோம். அதன் படிக்கல் உம் தந்தை நட்ட அதே கல். எழுத்து மேலே தெரியும்படி கிடத்தியிருக்கிறேன். புல் சுமந்து வரும் பெண்கள், “மகாராசா, கொஞ்சம் தள்ளிப் படுங்க, கட்டு பெருசா இருக்கு” என்று சொல்லிச் சிரித்தபடி மிதித்துப் போகிறார்கள். எழுத்து தேயும்போதெல்லாம் கல்தச்சரை அழைத்து ஆழமாக வெட்டுவிக்கிறேன்.

ஆகவே நீர் வரவேண்டிய முறை: யானை, பல்லக்கு கூடாது. வாள் வெளியே இருக்கட்டும். கல்லைத் தாண்டிக் குதிக்க நினைத்தால் மேல்நிலை தாழ்ந்தது, நெற்றி இடிக்கும். படிக்கல்மேல் நின்று தன் பெயரையும் தந்தை பெயரையும் உரக்கச் சொன்ன பிறகே உள்தாழை நீக்குவது எங்கள் வழக்கம். அது எல்லோருக்கும் பொது, உமக்கும் உண்டு.

இவ்வளவு கடுமை வேண்டாமென்று எங்கள் அமைச்சர் கூறினார். அவருடைய தம்பி உயிரோடிருக்கிறார்.

நீர் தந்தை பெயரைச் சொல்லும்போது கதவுக்கு மறுபுறம் நானே நிற்பேன். எனக்குக் காது மந்தம், கேட்கும்வரை சொல்லும். கேட்டதும் தாழ் திறக்கும், அன்றே மதகும் திறக்கும். வர மனமில்லையேல் உம் வயல் காயட்டும்.

இது வாசலின் ஆணை. திட்டிவாசல் சாவியை அரக்கில் அழுத்தி முத்திரையிட்டேன். சாவி என் இடுப்பில்.